உள்ளூர் உணவுப் பொருளாதாரம் கட்டுவது எப்படி: வயலுக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள வேலையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

காலை ஆறு மணி. ஒரு கொட்டகை வாசலில் 20 கிலோ தக்காளிப் பெட்டி வந்து இறங்குகிறது. மேலாகப் பார்த்தால் எல்லாம் நல்ல பழம். கையை அடிவரை விட்டுத் துழாவினால்தான் தெரியும்: அடியில் மூன்று பழம் நசுங்கிச் சாறு விட்டிருக்கிறது, அந்த ஈரம் பட்ட பக்கத்துப் பழங்கள் தோல் இளகத் தொடங்கியிருக்கின்றன, இரண்டு மூன்றில் காம்பு குத்திய ஓட்டை. யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்க வேண்டும். இது மூன்று நாள் தாங்கும், இது இன்றே சமைக்க வேண்டியது, இது உரக்குழிக்கு. அப்புறம் எடை போட்டு, விவசாயி பேரில் எழுதி, நிழலில் அடுக்கி, வண்டி வருவதற்குள் வீடு வாரியாகப் பங்கு பிரிக்க வேண்டும். இந்த வேலைக்குக் கூலி யார் கொடுப்பது?

உள்ளூர் உணவு முயற்சிகள் பலவும் தடுக்கி விழுவது இந்தக் கேள்வியில்தான். இடைத்தரகரை ஒழிப்போம் என்று உற்சாகமாக ஆரம்பிக்கிறோம். தரகர் போய்விடுவார், ஆனால் அவர் செய்துகொண்டிருந்த வேலை எங்கும் போகாது. பொறுக்குவது, சேமிப்பது, ஏற்றி இறக்குவது, கடன் தாங்குவது, விற்காமல் மிஞ்சிய சரக்கின் நஷ்டத்தைச் சுமப்பது எல்லாம் அப்படியே கிடக்கும். முதல் ஆறு மாதம் நாலு பேர் ஆர்வத்தில் இலவசமாகச் செய்வார்கள். ஏழாவது மாதம் ஓய்ந்துவிடுவார்கள். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தைச் சுற்றித்தான் வருகிறது: நடுவில் இருக்கும் வேலையை முதலில் கணக்கில் எடுங்கள், அதற்குக் கூலி வையுங்கள், அதைச் செய்பவர் இரு பக்கத்துக்கும் பதில் சொல்லும்படி அமைப்பைக் கட்டுங்கள்.

1. முதலில் எண்ணிப் பாருங்கள்

கூட்டம் போடுவதற்கு முன், பெயர் வைப்பதற்கு முன், இரண்டு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒன்றில் சாப்பாடு, இன்னொன்றில் விளைச்சல்.

முதல் நோட்டுக்கு, வசதியானவர்கள், இல்லாதவர்கள், பெரிய குடும்பம், தனியாக இருப்பவர் என்று கலவையாக 30 வீடுகளைப் பிடியுங்கள். இரண்டு வாரத்துக்கு அவர்கள் என்ன வாங்கினார்கள், எவ்வளவு, எங்கே என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "மாதத்துக்கு எவ்வளவு காய் வாங்குவீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில் உண்மையாக இருக்காது. வாங்கிய அன்றே எழுதினால் இருக்கும். கூடவே பள்ளி, விடுதி, மருத்துவமனை, தொழிற்கூடம் எதிலாவது மொத்தமாகச் சமைக்கும் அடுப்பு இருந்தால் அதன் வாரத் தேவையையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது நோட்டில் பன்னிரண்டு மாதங்களைக் குறுக்காகவும், பொருள்களை நெடுக்காகவும் எழுதிக் கட்டம் போடுங்கள். எது எந்த மாதம் அறுவடைக்கு வருகிறது என்பதை விவசாயிகளிடமே கேட்டு நிரப்புங்கள். நிரப்பி முடித்ததும் காலியாக நிற்கும் கட்டங்களைப் பாருங்கள். அந்த மாதங்களில் நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்பதற்கு இப்போதே பதில் தேட வேண்டும். சேமித்து வைத்த தானியமா, உலர்த்தியதா, பக்கத்து வட்டாரத்தோடு பண்டமாற்றா, அல்லது அந்த மாதம் விநியோகமே கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்வதா? எதுவானாலும் சரி. சொல்லாமல் விடுவது மட்டும் கூடாது.

எடுத்த எடுப்பில் நாற்பது பொருள் வேண்டாம். வாராவாரம் எல்லா வீட்டிலும் வாங்கும் ஐந்தாறு போதும். அதிலும் ஒன்றிரண்டு அன்றே போக வேண்டியவை, இரண்டு ஒரு வாரம் தாங்குபவை, ஒன்றிரண்டு மாதக்கணக்கில் இருப்பவை என்று கலந்து எடுங்கள். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடையில் முதல் நாள் இருந்தது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, கடன் கிடையாது என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். இன்றைய உலகக் கூட்டுறவு இயக்கம் தன் தொடக்கத்தை அந்தச் சின்னக் கடையில்தான் காண்கிறது.

"உள்ளூர்" என்பது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். என் பதில்: ஒரு வண்டி காலையில் கிளம்பிச் சரக்கு எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்பி வரக்கூடிய வட்டம். தூரத்தை வைத்துச் சுற்றுச்சூழல் பெருமை பேசுவதில் மட்டும் கவனமாக இருங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் உணவால் உண்டாகும், பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்களில் 83 சதவீதம் விளைவிக்கும் கட்டத்தில் வருகிறது. எல்லாப் போக்குவரத்தும் சேர்ந்து 11 சதவீதம். உற்பத்தி இடத்திலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் வெறும் 4 சதவீதம். எப்படி விளைந்தது என்பது எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிடப் பெரிய விஷயம். உள்ளூர் என்பதற்கு நேர்மையான காரணங்கள் வேறு இருக்கின்றன: பணம் வட்டாரத்துக்குள் இன்னொரு சுற்று சுற்றும், சரக்கு பசுமையாக வரும், தப்பு நடந்தால் போய்க் கேட்க ஒரு முகம் இருக்கும்.

2. விதைக்கும் முன்பே வாங்குபவர்

விளைந்த பிறகு ஆள் தேடினால் சந்தை சொல்லும் விலைதான். முன்கூட்டியே உறுதி இருந்தால் விவசாயி அதற்கேற்ப விதைப்பார். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1970-களில் ஜப்பானில் வீட்டுப் பெண்களும் இயற்கை விவசாயிகளும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்ட "தெய்கேய்" முறை அப்படித்தான் வளர்ந்தது. 1986-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் பண்ணைக்குப் பருவத் தொடக்கத்திலேயே பங்குப் பணம் கட்டி, விளைச்சலைப் பகிர்ந்துகொள்ளும் முறை தொடங்கியது. இரண்டிலும் சாரம் ஒன்றே: விளைச்சல் கூடினால் கூடுதலாக வாங்கிக்கொள்வது, பொய்த்தால் நஷ்டத்தில் பங்கெடுப்பது.

முழுப் பருவத்துக்கும் ஒரே தவணையில் பணம் கட்ட எல்லோராலும் முடியாது. அதனால் மூன்று வழி திறந்து வையுங்கள்: பருவத்துக்கு மொத்தமாக, மாதா மாதம், வாரா வாரம். மொத்தமாகக் கட்டுபவர்களின் பணத்தில்தான் விதையும் கூலியும் நடக்கும் என்பதால் அவர்களுக்குச் சிறு சலுகை தரலாம்.

இனி விதைப்புக் கணக்கு. 60 வீடு, வீட்டுக்கு வாரம் 2 கிலோ தக்காளி என்றால் தேவை 120 கிலோ. பூச்சி, மழை, நசுங்கல் என்று நாலில் ஒரு பங்கு போகும் என்று வைத்துக்கொண்டால், 160 கிலோ காய்க்கும் அளவுக்கு நட வேண்டும். அதையும் ஒரே நாளில் நட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்து நிற்கும். இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விட்டுப் பாத்தி பாத்தியாக நட வேண்டும். எந்த விவசாயி எந்த வாரத்துக்குப் பொறுப்பு என்பதை எல்லோர் முன்னிலையிலும் எழுதுங்கள். ஒரு பொருளை ஒரே விவசாயியிடம் விடாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் வேறு வேறு மண்ணில், வேறு வேறு நீர் ஆதாரத்தில்.

மொத்த அடுப்புகள் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. வீடுகள் விடுமுறைக்குப் போகும், விருந்து வரும், வாங்குவது ஏறி இறங்கும். பள்ளிச் சமையலறையின் தேவை அப்படி ஆடாது. பிரேசில் 2009-ல் கொண்டுவந்த சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் நிதியில் 30 சதவீதமாவது குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என்றது. சிறு விவசாயிகளுக்கு அது ஒரு நிலையான வாசலைத் திறந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பெரிய நிறுவனங்கள் பணம் தர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். சிறு விவசாயியால் அவ்வளவு காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியைத் தாங்க ஒரு சுழல் நிதி கையில் இல்லாமல் நிறுவன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் "வாரம் 100 கிலோ" என்று ஒற்றை எண்ணை எழுதாமல், "80 முதல் 120 கிலோ வரை" என்று எழுதுங்கள். இது இல்லாவிட்டால் அது என்று மாற்றுப் பொருள் பட்டியலையும் சேருங்கள். சமையல் பொறுப்பாளர் முதலில் முகம் சுளிப்பார். நாலு வாரம் போனால் பழகிவிடும்.

3. சேகரிப்புக் கொட்டகை

இங்கேதான் எல்லாமே நிற்கும் அல்லது சரியும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதருக்காக விளைவிக்கப்படும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டன், வயலுக்கும் தட்டுக்கும் இடையே எங்காவது வீணாகிறது என்றது. அதில் ஒரு பகுதி உங்கள் கொட்டகையில் நடக்கும் அல்லது தடுக்கப்படும்.

தேவை அதிகமில்லை. நிழல், காற்றோட்டம், கழுவ நல்ல தண்ணீர், இடுப்பு உயரத்தில் ஒரு நீள மேசை, முத்திரையிட்ட தராசு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் பழத்தின் மேல் பாரம் இறங்காத பெட்டிகள், ஒரு பேரேடு. மேசையின் உயரத்தைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். தரையில் குனிந்து நாலு மணி நேரம் பொறுக்குபவரின் கை அவசரப்படும், அவசரப்பட்ட கை பழத்தை வீசும்.

பறித்த காயும் உயிருள்ளது, அது மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிறது. அவ்வளவு வேகமாக அதன் ஆயுளும் கரைகிறது. அதனால் விடியற்காலையில் பறிப்பது, பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுவருவது, வயல் சூடு இறங்கிய பிறகே மூடி அடுக்குவது. இந்த மூன்றுக்கும் செலவே இல்லை. காற்று வறண்ட இடங்களில் இரட்டைச் செங்கல் சுவர் கட்டி, நடுவே மணல் நிரப்பி, அதை ஈரமாக வைத்தால் மின்சாரமில்லாத குளிர் அறை தயார். காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் இது அவ்வளவாக வேலை செய்யாது. அங்கே சிறு குளிர்பதன அறையைப் பத்துப் பேர் சேர்ந்து பகிர்வதுதான் வழி.

அப்புறம் எதை எதோடு வைப்பது என்று ஒரு படிப்பு இருக்கிறது. பழுக்கும் தக்காளி, வாழை, ஆப்பிள் எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். கீரையைப் பக்கத்தில் வைத்தால் அது மஞ்சளாகிவிடும். தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே குளிர வைத்தால் சுவையும் சதையும் கெடும். உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும், வெங்காயத்துக்கு வறண்ட காற்று வேண்டும், இரண்டையும் ஒரே மூலையில் கொட்டக் கூடாது. தானியம் என்றால் ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வைத்து, காற்றுப் புகாத பையில் கட்டினால் உள்ளே இருக்கும் பூச்சி பிராணவாயு இல்லாமல் தானே சாகும். மருந்து தேவையில்லை.

தரம் பிரிக்கும்போது விவசாயியோ அவர் வீட்டு ஆளோ பக்கத்தில் இருக்கட்டும். கழிவு எவ்வளவு, ஏன் என்று அப்போதே காட்டி எழுதுங்கள். பின்னால் தொலைபேசியில் "உங்கள் பெட்டியில் ஆறு கிலோ கழிவு" என்று சொன்னால் நம்பிக்கை அன்றோடு போயிற்று. இரண்டாம் தரத்தை மொத்த அடுப்புக்குக் குறைந்த விலைக்குக் கொடுங்கள், அல்லது அன்றே விழுதாக்கி, உலர்த்தி, ஊறுகாயாக்கி விற்க ஒரு சிறு குழுவைத் தயாராக வையுங்கள்.

இந்தக் கொட்டகைக்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த நாள் எல்லாம் நின்றுவிடும்.

4. விலை

வாங்குபவர் கொடுக்கும் 100-ல் யாருக்கு எவ்வளவு என்பதைப் பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். உதாரணத்துக்கு: விவசாயிக்கு 65, வண்டிக்கு 10, பொறுக்கிப் பிரிக்கும் கூலிக்கு 10, வீணாவதற்கு 6, வாடகை, மின்சாரம், கணக்கு வேலைக்கு 6, சேம நிதிக்கு 3. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கூலியும் வீணாவதும் சேம நிதியும் இல்லாத எந்தப் பலகையும் பொய்ப் பலகைதான்.

விலையை எப்படி நிர்ணயிப்பது? விவசாயியின் அடக்கச் செலவிலிருந்து தொடங்குங்கள். விதை, உரம், நீர், கூலி எல்லாம் எழுதுவார்கள். வீட்டு ஆட்களின் உழைப்பை மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். அதையும் கூலி வீதத்தில் சேருங்கள். அதன்மேல் ஒரு நியாயமான லாபம் வைத்து, பருவம் முழுவதற்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் குறியுங்கள்.

எல்லை போட்டாலும் சிக்கல் வரும். வெளிச் சந்தையில் விலை இரண்டு மடங்கு ஏறும் வாரம், சரக்கு அங்கே போகப் பார்க்கும். விலை சரியும் வாரம், வாங்குபவர்கள் மெல்ல நழுவுவார்கள். இரண்டையும் துரோகம் என்று கத்துவதில் பயனில்லை. இரு பக்கமும் பிழைக்க வேண்டும். விளைச்சலில் பாதி அல்லது அறுபது சதவீதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள், மிச்சத்தை விவசாயி விருப்பப்படி விற்கட்டும். மூச்சு விட இடமிருந்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது எளிது.

வசதி குறைந்த வீடுகள் இதில் எப்படி வரும் என்பது எனக்கு முக்கியமான கேள்வி. நல்ல உணவு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆனால் அது பொருளாதாரம் ஆகாது, ஒரு சிறு வட்டத்தின் பொழுதுபோக்காக நின்றுவிடும். பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரம் 1993-ல் உணவை உரிமையாக அறிவித்துத் தனித் துறையே அமைத்தது. ஆள் நடமாட்டமுள்ள நல்ல இடங்களை வியாபாரிகளுக்குக் கொடுத்தது. அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட சில அன்றாடப் பொருள்களை நகராட்சி சொல்லும் விலைக்கு விற்க வேண்டும் என்றது. மக்கள் உணவகங்களையும் நடத்தியது. நகராட்சி பலம் இல்லாத குழுவும் தன் அளவில் செய்யலாம்: பத்துப் பங்கில் ஒன்று பாதி விலைக்கு, அதன் குறையை முழுப் பங்குக்காரர்கள் பிரித்துக்கொள்வது. யார் பாதி விலையில் வாங்குகிறார் என்பது கணக்கெழுதுபவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பையும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

5. வண்டியை இரு பக்கமும் நிரப்புங்கள்

500 கிலோ ஏற்றிய வண்டி 50 கிலோமீட்டர் ஓடினால் கிலோவுக்கு 100 மீட்டர் ஓட்டம். அதே வண்டி 50 கிலோவோடு ஓடினால் கிலோவுக்கு ஒரு கிலோமீட்டர். பக்கத்து ஊர்ச் சரக்குதான் என்றாலும் கிலோவுக்கு ஆகும் எரிபொருள் ஏறத்தாழ பத்து மடங்கு. அதனால் வீடு வீடாகப் போவதைவிட, பதினைந்து இருபது வீட்டுக்கு ஒரு இறக்குமிடம் வையுங்கள். வாரம் ஐந்து நாள் ஓடுவதைவிட இரண்டு நாள் நிறைய ஏற்றி ஓடுங்கள்.

திரும்பும்போது காலி வண்டி ஏன் வர வேண்டும்? காலிப் பெட்டிகளோடு சமையலறைக் கழிவையும் ஏற்றி வரட்டும். மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பாவிட்டால் நிலைத்தன்மை என்ற சொல்லுக்கே பொருளில்லை. பச்சைக் கழிவோடு காய்ந்த இலை, வைக்கோல் கலந்து, கரிமமும் நைட்ரஜனும் 25, 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் குவித்தால் குவியல் நடுவே 55 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். சில நாள் அந்தச் சூடு நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அழியும். ஆனால் கழிவில் பிளாஸ்டிக் ஒரு துண்டு வந்தாலும் விவசாயி அடுத்த முறை வேண்டாம் என்பார். அதை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லி, வண்டியில் ஏற்றும் முன் திறந்து பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள்.

6. நம்பிக்கையும் நிர்வாகமும்

சிறு பண்ணைக்குச் சான்றிதழ் செலவு பெரிய பாரம். உலகின் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கும் பங்கேற்புச் சான்று முறையைப் பாருங்கள். பக்கத்து விவசாயிகளும் வாங்குபவர்களும் சேர்ந்து போய்ப் பண்ணையைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், கண்டதை எழுதி எல்லோர் முன்பும் வாசிப்பார்கள். இதில் விவசாயியின் கண் தனி. வந்தவர்கள் பச்சைப் பசேலென்ற பாத்தியைப் பார்த்து மயங்கி நிற்கும்போது, பக்கத்து வயல்காரர் வரப்போரக் களை எப்படிக் காய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். வேரோடு வாடியதா, மருந்தடித்துக் கருகியதா என்று அவருக்குத் தெரியும்.

அமைப்பு கூட்டுறவாகவோ சங்கமாகவோ இருக்கலாம், சட்டம் இடத்துக்கு இடம் மாறும். மாறக் கூடாதவை சில: ஆளுக்கு ஒரு வாக்கு, மாதா மாதம் கணக்கை எல்லோர் முன்பும் வாசிப்பது, நிர்வாகக் குழுவில் விவசாயிகள், வாங்குபவர்கள், கொட்டகையில் வேலை செய்பவர்கள் மூவரும் இருப்பது. மூன்றாமவரை விட்டுவிடுவதுதான் வழக்கம். தினமும் பழத்தைத் தொடுபவருக்குத் தெரிந்தது மற்ற இருவருக்கும் தெரியாது.

கொஞ்சம் கால் ஊன்றிய பிறகு உள்ளாட்சியிடம் போங்கள். பணம் கேட்பதற்கு முன் இடம் கேளுங்கள்: சந்தைத் திடல், காலிக் கட்டடம், பள்ளிக் கொள்முதல் விதியில் ஒரு சிறு மாற்றம். அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரம் 1982-லும் கனடாவின் டொராண்டோ 1991-லும் இதற்கென்றே உணவுக் கொள்கைக் குழுக்களை அமைத்தன. கேட்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

7. வாரம் நாலு எண்

நிறைய அளக்க ஆரம்பித்தால் ஒன்றையும் பார்க்க மாட்டோம். நாலு போதும். கழிவு எத்தனை கிலோ? சரக்கு கொடுத்த விவசாயிக்கு எத்தனை நாளில் பணம் போனது? வண்டி ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏற்றியது? எத்தனை வீடு இந்த வாரம் வாங்காமல் விட்டது? இரண்டாவது எண் பத்து நாளைத் தாண்டினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் ஆபத்து. அன்றே நிர்வாகக் குழுவைக் கூட்டுங்கள். வாங்காமல் விட்ட வீட்டுக்குக் கடிதம் போடாமல் நேரில் போங்கள். "போன வாரம் கீரை வாடி வந்தது" என்ற ஒரு வரி எந்தக் கருத்துக் கணிப்பையும்விடப் பயன் தரும்.

முதல் பருவம் முடிந்ததும் இரண்டு நோட்டையும் மேசையில் வைத்து எல்லோரும் உட்காருங்கள். எந்தக் கட்டம் காலியாக நின்றது, எந்த வாரம் மிஞ்சி வீணானது என்று பாருங்கள். வீடுகளின் எண்ணிக்கையை உடனே இரட்டிப்பாக்க ஆசை வரும். கொட்டகை ஆட்களிடம் முதலில் கேளுங்கள், இன்னும் எத்தனை பெட்டியை அவர்களால் நிதானமாகப் பிரிக்க முடியும் என்று. அவர்கள் சொல்லும் எண்ணை வைத்து அடுத்த பருவத்தின் விதைப்புப் பட்டியலை அந்தக் கூட்டத்திலேயே எழுதி, விவசாயி பெயரும் வாரமும் போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு எழுந்திருங்கள்.